கையில் கட்டிய கடிகாரம் யாருடையது?

கடையில் காசு கொடுத்து ஒரு மண்வெட்டி வாங்குகிறோம். ஆறு மாதம் நன்றாக வேலை செய்கிறது. ஒரு நாள் இரவு, நாம் தூங்கும்போது, அதை விற்றவன் வீட்டுக்குள் நுழைந்து மண்வெட்டியின் வாயை மழுக்கிவிட்டுப் போகிறான். காலையில் கேட்டால், “உங்கள் நன்மைக்காகத்தான் செய்தேன், இனி இது முன்னைவிடச் சிறப்பாக வெட்டும்” என்கிறான். நாம் சும்மா இருப்போமா?

மண்வெட்டி விஷயத்தில் இப்படி நடப்பதில்லை. கடிகாரத்தில் நடக்கிறது. ஓடினால் தூரத்தை அளக்கிற, நாடித்துடிப்பை எண்ணுகிற, வானத்துச் செயற்கைக்கோளைப் பார்த்து இருக்கும் இடத்தைச் சொல்கிற புது மாதிரி வாட்சுகளில் நடக்கிறது. கம்பெனி தூரத்திலிருந்தே ‘அப்டேட்’ என்று ஒன்றை அனுப்புகிறது. மறுநாள் முதல் சார்ஜ் நிற்பதில்லை. ஐந்து நாள் ஓடியது ஒன்றரை நாளில் அணைந்துவிடுகிறது.

இது வசதி படைத்தவன் சமாச்சாரம், ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் படிக்கும் பத்திரிகையில் இதற்கு என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். அவர்கள் ஒரு நாள் விடியற்காலை செங்கற்பட்டு கொளவாய் ஏரிப் பக்கமோ மறைமலைநகர் மைதானங்களிலோ நின்று பார்க்கட்டும். இரவு ஷிப்டு முடித்துவிட்டு நேரே ஓட வரும் ஒப்பந்தத் தொழிலாளிகளைப் பார்க்கலாம். போலீஸ் வேலைக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். பயிற்சியாளர் வைத்துக்கொள்ள வசதியில்லாத பையனுக்கு அந்த வாட்ச்தான் பயிற்சியாளர். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவக் குப்பத்துப் பிள்ளைகள் அலைச்சறுக்குப் பலகையோடு கடலில் இறங்குகிறார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. அந்தப் பிள்ளைகளின் மணிக்கட்டிலும் இந்த வாட்ச் இருக்கிறது. ஓவர்டைம் செய்த காசில், தவணையில் வாங்கியது. இது பொழுதுபோக்குச் சாமான் என்று தள்ளிவிட முடியாது.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிலாளித் தம்பி ஒருவர் தம் கதையைச் சொன்னார். வாட்ச் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. அப்டேட் வந்தது, போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு ஒருநாள்கூட முழுதாகச் சார்ஜ் நிற்கவில்லை. கடைக்காரரிடம் போனார். “நான் விற்றவன்தான், கம்பெனியைக் கேளுங்கள்” என்றார். கம்பெனியின் சர்வீஸ் ஆள், “பாட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, சாஃப்ட்வேரில் ஏதாவது இருக்கும்” என்றார். சாஃப்ட்வேர்க்காரரைப் போனில் பிடித்தால், அணைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னார். பழைய சாஃப்ட்வேரையே திரும்பப் போட்டுத் தரச் சொன்னதற்கு, “அதற்கு வழியில்லை” என்று பதில். தவணை இன்னும் நான்கு பாக்கி. பாட்டரி நின்றாலும் தவணை நிற்குமா?

இது அவர் ஒருவர் கதை அல்ல. உலகமெங்கும் நடப்பதுதான். 2024 ஜனவரியில் ‘ஃபிட்பிட் சார்ஜ் 5’ என்ற கைப்பட்டையை வாங்கியவர்கள் பல நாடுகளில் புகார் கிளப்பினார்கள். ஏழு நாள் வரை சார்ஜ் நிற்கும் என்று சொல்லி விற்ற சாமான் அது. புது அப்டேட் போட்ட பிறகு சில மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது என்றார்கள். ஃபிட்பிட் இப்போது கூகுளுக்குச் சொந்தம். 210 கோடி டாலருக்குப் பேசி, 2021 ஜனவரியில் வாங்கி முடித்தார்கள். கூகுள் என்ன பதில் சொன்னது? ஆராய்ந்துகொண்டிருக்கிறோம், ஆனால் அப்டேட் காரணமல்ல என்பதில் உறுதியாக இருக்கிறோம் என்றது. காரணம் தெரியாதாம், அப்டேட் இல்லை என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியுமாம்!

ஆனால் அதே 2024 டிசம்பரில் அதே கூகுள் என்ன செய்தது? ‘சென்ஸ்’, ‘வெர்சா 3’ என்ற இரண்டு ஃபிட்பிட் வாட்சுகளுக்கு ஒரு கட்டாய அப்டேட்டை அறிவித்தது. பாட்டரி சூடேறும் அபாயத்தைக் குறைப்பதற்கு என்று காரணம் சொல்லி, அதனால் சார்ஜ் நிற்கும் நேரம் குறையலாம் என்று தானே ஒப்புக்கொண்டது. ஆகவே, தூரத்திலிருந்தபடியே அப்டேட் மூலம் நம் கை வாட்சின் பாட்டரி நேரத்தைக் குறைக்க முடியும் என்பதை இனி யாரும் கட்டுக்கதை என்று சொல்ல முடியாது. கம்பெனியே அறிவித்துச் செய்த காரியம் அது.

இங்கே நியாயத்தோடு பேச வேண்டும். பாட்டரி சூடேறினால் கை வெந்துபோகும். இதே ஃபிட்பிட்டின் ‘அயானிக்’ வாட்சை 2022 மார்ச்சில் திரும்பப் பெற்றார்கள். அமெரிக்காவில் மட்டும் சுமார் 10 லட்சம் வாட்ச், வெளிநாடுகளில் சுமார் 6 லட்சத்து 93 ஆயிரம். அமெரிக்காவில் 78 பேருக்குத் தீக்காயம் பட்டதாகப் புகார்கள் வந்திருந்தன. ஆபத்தை உடனே சர்க்காருக்குத் தெரிவிக்கவில்லை என்பதற்காக 2025 ஜனவரியில் 1 கோடியே 22.5 லட்சம் டாலர் அபராதமும் விதிக்கப்பட்டது. ஆகையால் ஆபத்தைத் தடுக்க ஒரு அப்டேட் வருகிறது என்றால் அதைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அதில் எனக்கு மறு பேச்சில்லை. என் கேள்வி வேறு. சூடேறுகிற பாட்டரியை வைத்துச் செய்தது யார்? கம்பெனி. லாபம் எடுத்தது யார்? கம்பெனி. அந்தக் குறையை மூடி மறைக்க நாளுக்கு இரண்டு தடவை சார்ஜருக்கு முன்னால் உட்கார வேண்டியவர் மட்டும் வாங்கியவரா? நல்ல பாட்டரியாக மாற்றிக் கொடு, இல்லையென்றால் பணத்தைக் கொடு. அயானிக் வாங்கியவர்களுக்கு 299 டாலரைத் திருப்பிக் கொடுத்தார்களே, அப்படி.

பாட்டரி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் நம்மை யாரும் ஏய்க்க முடியாது. நானும் பத்தாவதோடு நின்றவன்தான். இதைப் புரிந்துகொள்ள அதற்கு மேல் படிப்பு வேண்டியதில்லை.

வாட்சுக்குள் இருப்பது லித்தியம் பாட்டரி. போனில் 5000 அளவு மின்சாரம் பிடிக்கும் என்றால் வாட்சில் 200, 300, மிஞ்சினால் 400, 500. சின்னக் குடத்தில் சின்ன ஓட்டை விழுந்தாலும் சீக்கிரம் தெரியும் அல்லவா? அது மாதிரி, போனில் கவனத்துக்கே வராத கூடுதல் செலவு வாட்சில் ஒரு நாளைத் தின்றுவிடும். அதிகம் தின்பது எது? எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும் திரை. அடுத்தது இடம் காட்டும் ஜி.பி.எஸ். இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளின் ஈனஸ்வரத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கேட்பதற்குத்தான் மின்சாரம். பிறகு நாடித்துடிப்பு பார்க்க மணிக்கட்டின் மேல் மின்னிக்கொண்டே இருக்கும் பச்சை விளக்கு, இரவில் ரத்தத்தின் ஆக்சிஜனைப் பார்க்கும் சிவப்பு விளக்கு.

அப்டேட் வந்தால் இரண்டில் ஒன்று நடக்கிறது. செலவைக் கூட்டும் புது வசதி ஏதாவது நம்மைக் கேட்காமலே திறந்துவிடப்படும். அல்லது எழுதிய சாஃப்ட்வேரில் ஒரு பிழை இருந்து, வாட்ச் தூங்க வேண்டிய நேரத்தில் தூங்காமல் விழித்துக்கொண்டிருக்கும். மூன்றாவது வகையும் உண்டு. கம்பெனி வேண்டுமென்றே பாட்டரியை நிரப்பும் உச்ச அளவைக் குறைத்துவிடும். குடம் அதேதான், ஆனால் முக்கால் குடத்துக்கு மேல் தண்ணீர் ஊற்றாதே என்று கட்டளை.

முதல் இரண்டு வகையில் இன்னொரு நஷ்டம் ஒளிந்திருக்கிறது. அதைக் கம்பெனிக்காரன் வாய் திறந்து சொல்லமாட்டான். நாமே கணக்குப் போடுவோம். இந்தப் பாட்டரி ஏறத்தாழ 500 தடவை முழுதாகச் சார்ஜ் செய்த பிறகு தேய்ந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நாளுக்கு ஒரு தடவை சார்ஜ் போட்டால் வருஷத்துக்கு 73 தடவை. 500 தடவைக்கு ஏழு வருஷம் கிட்ட வரும். ஒன்றரை நாளுக்கு ஒரு தடவை போட்டால் வருஷத்துக்கு 243 தடவை. இரண்டே வருஷத்தில் கதை முடிந்தது. சும்மா கிடந்தாலும் பாட்டரிக்கு வயதாகும், வெயிலில் இன்னும் சீக்கிரம் வயதாகும். ஆகவே ஏழு வருஷம் என்பது காகிதக் கணக்குத்தான். இருந்தாலும் திசை தெரிகிறதல்லவா? செலவைக் கூட்டுகிற அப்டேட் இன்றைய சார்ஜை மட்டும் தின்னவில்லை, வாட்சின் ஆயுளையும் சேர்த்துத் தின்கிறது. பாட்டரி போனால் மாற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். மூடியை ஒட்டியல்லவா வைத்திருக்கிறான்! திறந்தால் தண்ணீர் புகாத தன்மை போய்விடும் என்பான். புது வாட்ச் வாங்கு என்பதுதான் கடைசிப் பதில்.

போனில் இந்த வித்தை பழசு. ஆப்பிள் கம்பெனி பழைய பாட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தை அப்டேட் மூலம் குறைத்ததை 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. இத்தாலி 2018-ல் ஒரு கோடி யூரோவும், பிரான்ஸ் 2020-ல் இரண்டரைக் கோடி யூரோவும் அபராதம் போட்டன. இத்தாலி சாம்சங்குக்கும் 50 லட்சம் யூரோ போட்டது. கூகுள் 2025 ஜனவரியில் ‘பிக்சல் 4ஏ’ போனுக்குத் தானாகவே ஏறிக்கொள்ளும் ஒரு அப்டேட்டை அனுப்பிப் பாட்டரியின் கொள்ளளவைக் குறைத்தது. சத்தம் எழும் என்று தெரிந்து 50 டாலர் ரொக்கம் அல்லது இலவசப் பாட்டரி என்று கூடவே அறிவித்தது. அதற்கும் முன்னால் போனால் மின்விளக்கு. 1924-ல் ஜெனீவாவில் ஜெர்மனி, ஹாலந்து, அமெரிக்கா முதலிய நாடுகளின் பெரிய பல்பு முதலாளிகள் கூடி, ஒரு பல்பு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரியக்கூடாது என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதிக நேரம் எரியும் பல்பைச் செய்தவனுக்கு அபராதம்! நூறு வருஷமாகியும் சரக்கு மாறியிருக்கிறது, சரசம் மாறவில்லை.

இந்த நேரத்தில் எச்.எம்.டி. வாட்ச் நினைவுக்கு வருகிறது. பெங்களூரில் பொதுத்துறைத் தொழிற்சாலையில், ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் உதவியோடு 1961-ல் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கினார்கள். ‘ஜனதா’ என்று ஒரு வாட்ச். காலையில் எழுந்து சாவி கொடுத்தால் போதும். அப்பன் கட்டியதை மகன் கட்டினான். பழுதானால் தெருமுனையில் ஒற்றைக் கண்ணில் லென்சை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் கொடுத்தால் சரி செய்துவிடுவார். எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட 2016 ஜனவரியில் மத்திய மந்திரிசபை முடிவெடுத்தது. அது ஓட்டத்தை அளக்காது, நாடியைப் பார்க்காது, உண்மைதான். பழசே உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. புது வாட்சின் அறிவு அத்தனையும் வேண்டும். கூடவே அந்தப் பழைய வாட்சைப்போல அது வாங்கியவருக்குச் சொந்தமாகவும் இருக்க வேண்டும். இதில் என்ன பேராசை?

இதுவரை சொன்னது காசு கொடுத்து வாங்கியவர் கஷ்டம். காசு கொடுக்காமல், கட்டாயத்தின் பேரில் வாட்ச் கட்டிக்கொண்டவர்கள் கஷ்டம் இதைவிடக் கொடியது.

நாகபுரி, சண்டிகர், பஞ்ச்குலா நகரங்களில் துப்புரவுத் தொழிலாளர்களின் கையில் நகராட்சி ஜி.பி.எஸ். வாட்சைக் கட்டிவிட்டது. எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார், எல்லைக்கு வெளியே போனாரா என்று அதிகாரி அறையில் உட்கார்ந்து பார்க்கலாம். சண்டிகரில் 2020-ல் தொழிலாளர்கள் இதை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தார்கள். சார்ஜ் தீர்ந்தாலோ சிக்னல் போனாலோ வேலைக்கு வராதவர் என்று கணக்காகிச் சம்பளம் பிடிபடுகிறது என்று முறையிட்டார்கள். யோசித்துப் பாருங்கள். சாக்கடையில் இறங்கி வேலை செய்தவரின் முதுகு நனைந்திருக்கிறது, தெரு சுத்தமாகியிருக்கிறது, பார்த்த ஜனங்கள் சாட்சி சொல்லத் தயார். ஆனால் பாட்டரி தீர்ந்துவிட்டதால் அவர் வரவில்லை! ஒரு ஓட்டக்காரருக்குப் பாட்டரி தீர்ந்தால் ஒரு நாள் பயிற்சிக் கணக்கு போகும். இவருக்குப் போவது அரிசி.

விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் எல்லா இடத்திலும் போனில் படம் பிடித்து வருகை பதிய வேண்டும் என்று மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியது. காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம். போனில் சார்ஜ் இல்லை, நெட் இல்லை, ஆப் திறக்கவில்லை என்றால் மண் சுமந்த கூலி மண்ணோடு போயிற்று. அதை எதிர்த்து 2023 பிப்ரவரி முதல் டெல்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் உட்கார்ந்தார்கள். மகாராஷ்டிரத்தில் 2021-ல் அங்கன்வாடி ஊழியர்கள், சர்க்கார் கொடுத்த போனில் அந்த ஆப் ஓடவில்லை, ஓட்டினால் போன் சூடாகித் திணறுகிறது என்று ஆயிரக்கணக்கில் போனைத் திருப்பி வீசினார்கள். ஆப்பை மாற்றி எழுதுகிறவர் டெல்லியில் இருக்கிறார். அது ஓடாமல் போனால் திட்டு வாங்குகிறவர் கிராமத்தில் இருக்கிறார்.

ஆகவே முதலில் நாம் உறுதியாகக் கேட்க வேண்டியது இது: எந்தத் தொழிலாளியின் கூலியும் பாட்டரியில் தொங்கக்கூடாது. கருவி பொய் சொன்னால் மேஸ்திரியின் வருகைப் புத்தகமும், கூட வேலை செய்தவர் சாட்சியமும் செல்ல வேண்டும். நமது வட்டாரத்துத் தொழிற்பேட்டைகளில் கைப்பட்டை, அடையாள அட்டை என்று எந்த உருவத்தில் இது வந்தாலும், வந்த அன்றே சங்கம் இந்த ஷரத்தை எழுதி வாங்கிவிட வேண்டும்.

வாங்கியவர் விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது? 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை ‘பழுது பார்க்கும் உரிமை’ பற்றி ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், போன்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்று நான்கு வகைகளை எடுத்துக்கொண்டது. டிசம்பரில் இணையத்தில் ஒரு வாசலும் திறந்தது. அந்த நான்கில் கைக்கடிகாரத்துக்குப் பெயர் சொல்லி இடமில்லை. வாசல் திறந்தால் போதுமா, சட்டம் வேண்டாமா? ஐரோப்பாவில் 2027 பிப்ரவரி 18 முதல் சிறு கருவிகளின் பாட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். அதிலும் ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் தண்ணீரில் புழங்கும் கருவிகளுக்கு, தொழில் தெரிந்தவர் மாற்றினால் போதுமாம். நீச்சல் வாட்ச் செய்கிறவன் அந்தச் சந்தில் நுழையப் பார்ப்பான். நுழைந்தாலும் பரவாயில்லை, தெருமுனை மெக்கானிக்குக்கு உதிரி பாகம் கொடுத்தால் நமக்குப் போதும். அப்டேட் பிடிக்கவில்லை என்றால் பழைய சாஃப்ட்வேருக்குத் திரும்பும் வழியையும் சட்டத்தில் எழுத வேண்டும். ஆபத்தைத் தடுக்கும் அப்டேட் மட்டும் விலக்கு. அதற்கு நஷ்டஈடு உண்டு.

சட்டம் வரும் வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். அப்டேட் கேட்டால் உடனே போடாமல், தற்போது எத்தனை நாள் சார்ஜ் நிற்கிறது என்று தேதியோடு எழுதி, திரையைப் படம் பிடித்து வையுங்கள். போட்ட பிறகு இரண்டு மூன்று நாள் பொறுங்கள். உள்ளே கணக்குகளைச் சரிசெய்துகொள்வதால் ஆரம்பத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தின்பது உண்டு. அதற்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் எந்நேரமும் எரியும் திரையையும், இரவு ஆக்சிஜன் அளப்பதையும் மூடிப் பாருங்கள். ஓடும்போது மட்டும் ஜி.பி.எஸ். போதும். அப்படியும் சரியாகவில்லை என்றால் குறை உங்களுடையதல்ல. கம்பெனிக்கு வாய்ச்சொல்லாக இல்லாமல் எழுத்தில் புகார் கொடுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் செங்கற்பட்டிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ம் வருஷத்துச் சட்டப்படி, கம்பெனி அமெரிக்காவில் இருந்தாலும் சீனாவில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமலும் நாமே பேசலாம். கடைக்காரர், கம்பெனி இருவரையுமே எதிர்த்தரப்பாகச் சேருங்கள்; அப்போதுதான் ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்ப முடியாது. ஒரே மாடல் வாட்ச் வாங்கி ஒரே அப்டேட்டால் கெட்டுப்போன பத்துப் பேர் ஒரு தொழிற்பேட்டையில் கிடைக்காமல் போகமாட்டார்கள். ஒரே குறை உள்ளவர்கள் அனைவர் சார்பிலும், ஆணையத்தின் அனுமதி பெற்று, ஒரே மனுவாகப் போடவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது.